நாய்க்கு எதுக்கு டொனேஷன்? லண்டனே சிரித்த மேரி டீல்பியின் கதை

1860 அக்டோபர் மாதம். அன்றைய லண்டனில் பெரிய மனிதர்கள் காலையில் கையில் எடுக்கும் நாளிதழ் தி டைம்ஸ். அரசாங்கமே அது என்ன எழுதுகிறது என்று பார்க்கும். அந்தப் பத்திரிகை ஒருநாள் நடுத்தர வயதைத் தாண்டிய ஒரு பெண்ணின் முயற்சியை எடுத்துவைத்துக் கிழி கிழி என்று கிழித்தது. அவர் ஊழல் செய்யவில்லை, யாரையும் ஏமாற்றவும் இல்லை. தெருவில் பட்டினி கிடக்கும் நாய்களுக்கு ஒரு இடம் பிடித்து, அதற்குப் பணம் கொடுங்கள் என்று ஊரைக் கேட்டார். அவ்ளோதான்.

மனிதநேயம் வேறு, கேலிக்கூத்தான உணர்ச்சிவசம் வேறு என்பதுதான் அந்தக் கட்டுரையின் சாரம். இன்றைக்கு ஒரு அனிமல் ஷெல்டர் க்ரவுட்ஃபண்டிங் லிங்க் போட்டால் கீழே என்ன கமென்ட் வருமோ, கிட்டத்தட்ட அதேதான். சோறு இல்லாத குழந்தைகள் இருக்கும்போது நாய்க்கு எதுக்குப் பணம்?

அந்தப் பெண்ணின் பெயர் மேரி டீல்பி. அவர் தொடங்கிய இடம் 160 வருடங்களைத் தாண்டி இன்றும் ஓடுகிறது. பேட்டர்ஸீ என்றால் பிரிட்டனில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

யார் இந்த மேரி டீல்பி?

1801-ல் பிறந்தவர். பிறந்த வீட்டுப் பெயர் மேரி பேட்ஸ். ஹல் துறைமுக நகரத்தைச் சேர்ந்த ராபர்ட் சாப்மன் டீல்பி என்ற மர வியாபாரியைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்த வாழ்க்கை நிலைக்கவில்லை. கணவரைப் பிரிந்து லண்டனுக்கு வந்து, நகரின் வடக்குப் பகுதியான ஹாலோவேயில் தன் குடும்பத்தாருடன் வசித்தார். அவருடைய தம்பி எட்வர்ட் பேட்ஸ் ஒரு பாதிரியார்.

கணவரைப் பிரிந்து வாழ்வது அன்றைய இங்கிலாந்தில் சாதாரண விஷயம் இல்லை. கல்யாணமான பெண்ணுக்குத் தன் பெயரில் சொத்தோ சம்பாத்தியமோ வைத்துக்கொள்ளும் உரிமையைத் தரும் சட்டங்களே 1870-க்கும் 1882-க்கும் இடையில்தான் வந்தன. அதற்கு முன்பு சட்டப்படி மனைவியின் பணம் கணவரின் பணம். பிரிந்து வாழும் பெண்ணைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று சொல்லவே வேண்டாம். இப்படிப்பட்ட நிலையில் இருந்த, 60 வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஒருவர் பொதுவெளிக்கு வந்து பணம் கேட்டார் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள். அவரைக் கேலி செய்வது அன்றைக்கு ரொம்ப ஈஸி.

ஒரு நாய் செத்துப்போனது

ஹாலோவேக்குப் பக்கத்தில் கேனன்பரி என்று ஒரு பகுதி. அங்கே சாரா மேஜர் என்ற தோழி இருந்தார். அவர் தெருவில் சுருண்டு கிடந்த ஒரு நாயைத் தூக்கிவந்து தன் சமையலறையில் போட்டிருந்தார். எலும்பும் தோலுமான நாய். மேரி அதற்குப் பணிவிடை செய்தார். பிழைக்கவில்லை.

எல்லோருக்கும் இப்படி ஒரு நாய் கதை இருக்கும். இரண்டு நாள் வருத்தப்படுவோம், மறந்துவிடுவோம். மேரி அந்த இடத்தில் நிற்கவில்லை. அடுத்து கண்ணில் பட்டதையும் தூக்கினார், அதற்கடுத்ததையும். தன் வீட்டில் பாத்திரம் கழுவும் பின்கட்டு அறையில் நாய்களை வைத்துப் பார்த்தார். அந்த அறை போதவில்லை. பக்கத்தில் ஹாலிங்ஸ்வொர்த் தெருவில் ஒரு குதிரை லாயம் கிடைத்தது. 1860 அக்டோபரில் அங்கே தொடங்கியதுதான் தொலைந்துபோன, பட்டினி கிடக்கும் நாய்களுக்கான தற்காலிக இல்லம்.

பெயரில் தற்காலிகம் என்ற சொல் சும்மா வரவில்லை. இது வயதான செல்ல நாய்களுக்கான முதியோர் இல்லமும் இல்லை, பணக்காரர் வீட்டு நாய்க்கு வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரியும் இல்லை என்று ஆரம்பத்திலேயே விளக்கம் கொடுத்தார்கள். தெருவில் சாகக் கிடக்கும் நாயைப் பார்த்து மனசு கேட்காத ஒருவர், அதைக் கொண்டுவந்து விட ஓர் இடம். சொந்தக்காரர் வந்தால் அவரிடம் போகும், வராவிட்டால் வேறு வீடு தேடுவார்கள்.

லண்டன் ஏன் நாயைப் பார்த்துப் பயந்தது?

கேலி செய்தவர்கள் எல்லோரையும் கல்நெஞ்சக்காரர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அன்றைக்கு ரேபிஸுக்குத் தடுப்பூசி கிடையாது. பாஸ்டர் முதன்முதலில் மனிதருக்கு அந்த ஊசியைப் போட்டது 1885-ல். அதற்கு 25 வருடம் முன்பு, வெறிநாய் கடித்து நோய் வந்துவிட்டால் சாவுதான், அதுவும் கொடூரமான சாவு. அதனால் கோடைக்காலத்தில் வாயில் நுரையோடு ஒரு நாய் ஓடினால் தெருவே கம்பைத் தூக்கியது. தாகத்தில் நாக்கைத் தொங்கப்போட்ட நாய்க்கும் வெறிநாய்க்கும் வித்தியாசம் பார்க்க யாரும் நின்றதில்லை.

இன்னொரு பக்கம், நாய் என்பது உழைக்கும் மிருகமாகவும் இருந்தது. சின்ன வியாபாரிகள் நாயைப் பூட்டி வண்டி இழுக்கவைத்தார்கள். லண்டனில் 1839-லும், பிறகு 1854-ல் நாடு முழுவதும் நாய்வண்டி தடை செய்யப்பட்டது. நாய்களையும் காளைகளையும் மோதவிடும் சூதாட்டங்களை 1835-லேயே ஒரு சட்டம் தடை செய்திருந்தது. தடை வந்த பிறகும் நாய்ச்சண்டை மதுக்கடைகளின் பின்பக்கம் திருட்டுத்தனமாக நடந்தது. சண்டைக்கு வளர்த்த நாய், வண்டிக்கு வளர்த்த நாய், எதற்கும் வளர்க்காமல் தானாகப் பெருகிய நாய். எல்லாம் தெருவில் கலந்து கிடந்தன.

இதோடு அதே சமயத்தில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. எனக்கு இந்தக் கதையில் பிடித்த பகுதியே இதுதான்.

பிரீட் என்ற புது மோகம்

இன்றைக்கு நாம் நாயைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி என்ன? என்ன பிரீட்? ஏதோ ஆதிகாலத்தில் இருந்தே இருக்கும் கேள்வி மாதிரி தோன்றும். வேட்டை நாய், ஆட்டு நாய், மடியில் வைத்துக் கொஞ்சும் நாய் என்ற வகைகள் எப்போதும் இருந்தன, உண்மை. ஆனால் காது இவ்வளவு நீளம், முதுகு இந்தச் சரிவு, நிறம் இது என்று வரையறை எழுதி, அதற்கு நாயைப் பொருத்திப் பார்த்து மார்க் போடும் பழக்கம் விக்டோரியா மகாராணி காலத்துக் கண்டுபிடிப்பு. முறையான முதல் நாய்க் கண்காட்சி என்று சொல்லப்படுவது 1859-ல் நியூகாஸிலில் நடந்தது. வம்சாவளியைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் 1873-ல் வந்தது.

தேதிகளைப் பாருங்கள். நாய்க்கு வம்சம் எழுதும் மோகம் தொடங்கிய அடுத்த வருடமே, வம்சம் எதுவும் இல்லாத நாய்க்கு வீடு கேட்டு மேரி கிளம்புகிறார். அழகான ஸ்பானியலைக் காப்பாற்றப் பணம் கொடுங்கள் என்று கேட்டிருந்தால் ஒருவேளை சிரித்திருக்க மாட்டார்கள். அன்றைய பணக்கார வீடுகளில் நாயைத் திருடிவிட்டு மீட்புத்தொகை கேட்கும் கும்பல்களே இருந்தன. எலிசபெத் பாரட் பிரௌனிங் என்ற பெரிய கவிஞரின் ஃபிளஷ் என்ற ஸ்பானியலை மூன்று முறை தூக்கிப்போனார்கள், மூன்று முறையும் அவர் பணம் கொடுத்து மீட்டார். அந்த நாய்க்கு மதிப்பு இருந்தது. மேரி கேட்டது யாரும் திருடக்கூட நினைக்காத நாய்களுக்காக.

காசு எப்படி வந்தது?

மனசு இருந்தால் போதுமா? லாயத்துக்கு வாடகை, நாய்க்குத் தீனி, பார்த்துக்கொள்ள ஆள். மேரி இதைத் தனி மனிதரின் கருணையாக விட்டுவிடாமல், ஒரு அமைப்பாக மாற்றினார். 1860 நவம்பர் இறுதியில் முதல் கமிட்டிக் கூட்டம் நடந்தது. விலங்குவதைக்கு எதிராக 1824-ல் தொடங்கப்பட்ட, ராணியின் ஆதரவு பெற்ற ஆர்எஸ்பிசிஏ சங்கத்தின் அலுவலகத்தில் அந்தக் கூட்டத்தை வைத்தார்கள். சரியான மூவ் அது. கேலிக்கு ஆளான ஒரு லாயத்துக்கு, மரியாதையான ஒரு முகவரியின் துணை கிடைத்தது. தம்பி எட்வர்டும் தோழி சாராவும் கூடவே நின்றார்கள்.

பணத்துக்குச் சந்தாமுறை. விதிகளை எழுதிவைத்தார்கள். சந்தா கட்டுபவரின் நாய் தொலைந்து இங்கே வந்தால் செலவில்லாமல் திருப்பித் தரப்படும். மற்றவர்கள் நாய்க்கு ஆன செலவைக் கொடுத்துக் கூட்டிப்போகலாம். 14 நாளில் யாரும் தேடி வராத நாயைக் கமிட்டி விற்கலாம், அல்லது வேறு வழி பார்க்கலாம். விற்ற காசு செலவுக்கு.

கொஞ்சம் யோசித்தால் இது சாமர்த்தியமான ஏற்பாடு என்று புரியும். நாய் வளர்க்கும் வசதியானவர்களுக்குச் சந்தா என்பது தங்கள் நாய்க்கான இன்ஷூரன்ஸ் மாதிரி. அவர்கள் கட்டிய காசில் சொந்தக்காரரே இல்லாத நாயும் சாப்பிட்டது. கருணையை மட்டும் நம்பி ஃபண்ட் ரெய்ஸிங் செய்தால் முதல் மாதம் வரும், மூன்றாவது மாதம் நின்றுவிடும். ஷெல்டர் நடத்தும் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

அந்த வேறு வழி என்ற வார்த்தையைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அது பின்னால் பெரிய விஷயமாகிறது.

பிரச்சினைகள் கூடவே வந்தன. இரவெல்லாம் குரைப்பு என்று அக்கம்பக்கத்தார் புகார் செய்தார்கள். அவர்கள் மீதும் தப்பில்லை, ஒரு குடியிருப்புத் தெருவின் நடுவில் நாய்க்கூட்டம் இருந்தால் யாருக்குத்தான் தூக்கம் வரும்?

ஒரு மைல் தூரத்தில் இரண்டு கண்காட்சிகள்

1862-ல் காற்று கொஞ்சம் திரும்பியது. அந்த வருடம் இஸ்லிங்டனில் புதிதாகக் கட்டிய பெரிய மண்டபத்தில் ஒரு பிரமாண்ட நாய்க் கண்காட்சி நடந்தது. ரிப்பன், பரிசு, கூட்டம், விலை பேசல். அதைப் பார்த்த ஒரு எழுத்தாளர், அங்கிருந்து கிளம்பிப் பக்கத்திலேயே இருந்த மேரியின் இல்லத்துக்கும் போனார். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். அது வந்தது சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய ஆல் தி இயர் ரவுண்ட் வார இதழில். அந்த இதழில் கட்டுரைக்குக் கீழே எழுதியவர் பெயர் போடும் வழக்கம் இல்லை. டிக்கன்ஸே எழுதினார் என்பவர்களும் உண்டு, வேறொருவர் என்பவர்களும் உண்டு. எப்படியானாலும் அது அவருடைய பத்திரிகை, அவருடைய வாசகர்கள்.

பரிசு நாய்களின் மிடுக்கு ஒருபக்கம். இன்னொரு பக்கம், உள்ளே யார் நுழைந்தாலும் தன்னைத் தேடி வந்த ஆளோ என்று ஓடிவந்து முகத்தைப் பார்க்கும் நாய்கள். கட்டுரை இரண்டாவது கூட்டத்தின் பக்கம் சாய்ந்தது. டைம்ஸ் சிரித்த அதே இல்லத்தை, நாட்டின் பிரபல நாவலாசிரியரின் இதழ் மரியாதையோடு எழுதியது. இன்றைய பாஷையில் சொன்னால், பெரிய இன்ஃப்ளூயன்ஸர் ஷேர் செய்த மாதிரி.

மேரி அதிக நாள் இருக்கவில்லை. புற்றுநோய் வந்தது. பெட்ஃபர்டுஷையரில் உள்ள பிகிள்ஸ்வேட் என்ற சிறு ஊருக்குப் போய், 1865 அக்டோபர் 3-ல் இறந்தார். வயது 63. இல்லம் தொடங்கி அப்போதுதான் ஐந்து வருடம் ஆகியிருந்தது. பெரிய அஞ்சலிகள், சிலைகள் எதுவும் இல்லை. அந்த ஊர் தேவாலய மைதானத்தில் அடக்கம் செய்தார்கள். பிற்பாடு தம்பி எட்வர்டும் அதே கல்லறையில் வைக்கப்பட்டார்.

அவர் போன பிறகு

இங்கே கதை கொஞ்சம் கனமாகிறது. மேரியின் வாழ்க்கையை எழுதும் பலர் இந்தப் பகுதியை வேகமாகக் கடந்து, இல்லம் வளர்ந்தது, ராணி புரவலர் ஆனார் என்று முடித்துவிடுகிறார்கள். இரண்டும் உண்மை. 1871-ல் இல்லம் தேம்ஸ் நதிக்குத் தெற்கே பேட்டர்ஸீக்கு மாறியது, 1883-ல் பூனைகளையும் சேர்த்துக்கொண்டது, 1885-ல் விக்டோரியா மகாராணி புரவலர் ஆனார்.

ஆனால் 1867-ல் லண்டன் தெருக்களுக்கு என்று ஒரு சட்டம் வந்தது. யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லாமல் திரியும் நாயைப் போலீஸ் பிடிக்கலாம், குறிப்பிட்ட நாட்களுக்குள் யாரும் கேட்டு வராவிட்டால் விற்கலாம் அல்லது கொல்லலாம். பிடித்த நாயைப் போலீஸ் எங்கே கொண்டுபோகும்? இல்லத்துக்குத்தான். மனசு கேட்காதவர்கள் தூக்கிவந்த நாய்களுக்கு என்று தொடங்கிய இடத்தில், இப்போது நகரமே தனக்கு வேண்டாத நாய்களைக் கொண்டுவந்து கொட்டியது. 1885-86-ல் ரேபிஸ் பீதி வெடித்தபோது நாய்க்கு வாய்ப்பூட்டு கட்டாயம் என்று உத்தரவு வந்தது, பிடிபடும் நாய்கள் குவிந்தன.

எல்லாவற்றுக்கும் வீடு கிடைக்குமா? கிடைக்கவில்லை. பெரும் எண்ணிக்கையில் நாய்கள் கொல்லப்பட்டன. 1884-ல் டாக்டர் பெஞ்சமின் வார்ட் ரிச்சர்ட்சன் வடிவமைத்த ஓர் அறை பேட்டர்ஸீயில் வந்தது. நாய்களை உள்ளே விட்டு, மயக்கமூட்டும் வாயுவால் வலி தெரியாமல் சாகவிடும் அறை. தெருவில் அடித்துக் கொல்வதைவிட இது கருணை என்று அன்றைய நாய்ப் பிரியர்களே வாதாடினார்கள். தெருவில் நடந்ததைப் பார்த்தால் அந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனாலும், மேரி சமையலறையில் உட்கார்ந்து பிழைக்கவைக்கப் பார்த்த நாயில் இருந்து இந்த அறைக்கு வெறும் 24 வருடம்தான்.

அந்தப் பதினான்கு நாள் விதியில் இதற்கான கதவு முதல் நாளிலிருந்தே திறந்துதான் இருந்தது. எதையும் திருப்பி அனுப்பாத ஷெல்டர் ஒன்று இருக்க வேண்டும் என்றால், வருகிற நாய் எண்ணிக்கையை யாராவது குறைக்க வேண்டும். அன்றைக்கு அதற்கு வழி இல்லை. மேரி உயிரோடு இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று யூகித்துப் பயனில்லை.

இப்போது வேறு நாய்கள்

பிரிட்டனில் தெருநாய் என்ற காட்சி இன்று அரிது. பேட்டர்ஸீக்கு இதுவரை 30 லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் வந்துபோயிருக்கின்றன. வம்சமில்லாத நாயை எடுத்து வளர்ப்பது இப்போது பெருமை. வேண்டாத நாய் என்ற இடத்துக்கு வேறு முகம் வந்துவிட்டது. தடித்த தலை, அகன்ற தாடை, கட்டான உடம்பு கொண்ட புல் வகை நாய்கள்.

ஸ்டாஃபோர்ட்ஷையர் புல் டெரியர் என்ற நாய் ஒரு உதாரணம். சண்டை நாய்களின் வழிவந்தது. 1935-ல் கென்னல் கிளப் அதை முறையான பிரீடாக ஏற்றது. குடும்பத்தோடு ஒட்டிப் பழகும் நாய் என்ற பெயரும் அதற்கு உண்டு, ரவுடிகளின் நாய் என்ற பெயரும் உண்டு. ஷெல்டர்களில் அதிகம் தேங்கும் நாய்களில் இதுவும் ஒன்று. முகத்தைப் பார்த்தே குடும்பங்கள் அடுத்த கூண்டுக்கு நகர்ந்துவிடுவார்கள். இவை நீங்கள் நினைப்பதைவிட மென்மையானவை என்று விளக்கி பேட்டர்ஸீ தனியாகப் பிரசாரமே நடத்தியது.

ஸ்டாஃபிக்காவது பிரசாரம் செய்ய முடிந்தது. 1991-ன் அபாயகரமான நாய்கள் சட்டம் பிட்புல் டெரியர், ஜப்பானிய டோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரேசிலெய்ரோ என்று நான்கு வகைகளைத் தடை செய்தது. நாய்கள் தாக்கி மனிதர்கள் இறந்த சம்பவங்களுக்குப் பிறகு, எக்ஸ்எல் புல்லி என்ற வகையும் சேர்ந்தது. 2024 பிப்ரவரி 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விலக்குச் சான்றிதழ் இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம். உயிரிழந்தவர்களில் குழந்தைகளும் உண்டு. அந்தக் குடும்பங்களிடம் போய் நாய் பாவம் என்று யாரும் சொல்ல முடியாது. நாயின் வகையைப் பார்த்துத் தடை போடுவதைவிட, அதன் நடத்தையையும் வளர்ப்பவரின் பொறுப்பையும் பார்க்க வேண்டும் என்பது பேட்டர்ஸீயின் வாதம். 1860 மாதிரியே இன்றும் இரண்டு பக்கமும் கோபம் இருக்கிறது, ஒரு பக்கம் வெறும் முட்டாள்தனம் என்று தள்ள முடியாது.

சட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதுதான் விசித்திரம். ஒரு நாய் பிட்புல் வகையா என்று முடிவு செய்ய அதன் தாய் தந்தை யார் என்பது தேவையில்லை, யாரையாவது கடித்ததா என்பதும் தேவையில்லை. உடலமைப்பு வரையறைக்குப் பொருந்துகிறதா என்று அளந்து பார்ப்பார்கள். பொருந்திவிட்டால், சொந்தக்காரர் இருக்கும் நாய்க்கு ஒரு வழி உண்டு. ஆபத்தில்லாத நாய் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டால் நிபந்தனைகளோடு அவரிடமே இருக்கலாம். ஷெல்டருக்கு வந்து சேர்ந்த, சொந்தக்காரர் இல்லாத நாய்க்கு அந்த வழி இல்லை. தடை செய்த வகை நாயை விற்பதோ தானமாகக் கொடுப்பதோ குற்றம் என்பதால், அதைப் புது வீட்டுக்கு அனுப்ப பேட்டர்ஸீக்கு அனுமதி கிடையாது. எவ்வளவு சாதுவாக இருந்தாலும், ஆள் வந்ததும் வாலாட்டிக்கொண்டு ஓடிவந்தாலும், ஊசி போட்டுத் தூங்கவைத்துவிட வேண்டியதுதான்.